16 கிராமுக்குக் கீழே: ஒரு மூத்த ஓவியரும் டேப்லெட் பேனாவும்

பின்னணி

மதுரையில் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறிய படக்கூடம் எங்களுடையது. சிறுவர் நூல்களுக்குக் கோட்டோவியமும் வண்ணப்படமும் செய்து கொடுக்கிறோம். வரைவது என் வேலை இல்லை. கணினி, மென்பொருள், அச்சுக்குப் போகும் கோப்பு ஆகியவை என் பொறுப்பு. இங்கே எழுதுவதில் நடந்த தவறுகளில் பாதி என்னுடையவை.

எங்களோடு வேலை செய்யும் மூத்த ஓவியருக்கு 57 வயது. 30 ஆண்டுகளுக்கு மேல் வார, மாத இதழ்களுக்குக் கதைப்படம் போட்டவர். 2ஆம் நம்பர் பிரஷ், இந்தியன் இங்க், வழவழப்பான அட்டை, இவ்வளவுதான் அவருடைய கருவிகள். அவர் வரைந்து தருவார். நாங்கள் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அழுக்கு நீக்கி, நிறம் ஏற்றுவோம். நான்கு ஆண்டுகள் இப்படியே சிக்கலில்லாமல் ஓடியது.

ஒரு 32 பக்கச் சிறுவர் நூலில்தான் இது மாறியது. பதிப்பாளர் கடைசிவரை திருத்தம் கேட்பார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பாட்டியின் கை இருக்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்றால் அட்டையில் முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டும். டேப்லெட்டில் ஒரு லேயரை, அதாவது படத்தின் ஓர் அடுக்கை மட்டும், திருத்தினால் போதும். எனவே இந்த நூலை நேராக டேப்லெட்டிலேயே வரைவது என்று முடிவெடுத்தோம். அவரும் மனமார ஒப்புக்கொண்டார்.

புதிதாகக் கருவி வாங்கவில்லை. கூடத்தில் இருந்த விண்டோஸ் டேப்லெட் கணினியையே கொடுத்தோம். அதில் இரண்டு ஆண்டுகளாக 24 வயது இளம் ஓவியர் ஒருவர் வேலை செய்துவந்தார். காலையில் மூத்த ஓவியர் (எங்களுக்கு அவர் 'சார்'), பிற்பகலில் இளம் ஓவியர் என்று நேரம் பிரித்துக்கொண்டார்கள். பேனாவுக்கு பேட்டரி கிடையாது. அழுத்த உணர்வு 4096 நிலைகள் என்று பெட்டியில் போட்டிருந்தது; கை அழுத்துவதை அத்தனை படிகளாகப் பிரித்து உணரும் என்று பொருள். மென்பொருள் கிரிட்டா.

கண்டது

முதல் வாரத்திலேயே சார் சொன்னார்: "தம்பி, இது என் கையைக் கேக்க மாட்டேங்குது."

பழக்கமில்லாததால் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கதையில் வரும் பாட்டிக்குக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தார். நெற்றி வகிட்டிலிருந்து பின்னால் இழுத்துக் கட்டிய முடி. காகிதத்தில் அவர் இதைச் செய்யும் விதம் எனக்கு நன்றாகத் தெரியும். பிரஷின் நுனி அட்டையைத் தொட்டும் தொடாமலும் இறங்கும்; நடுவில் கோடு பருக்கும்; கொண்டைக்குப் போய்ச் சேரும்போது மயிரிழையாகி மறையும். டேப்லெட்டில் கை அதே போலத்தான் போனது. ஆனால் திரையில் கோட்டின் நடுப்பகுதி மட்டுமே விழுந்தது. தொடக்கமும் முடிவும் வெட்டி எடுத்தது போல மழுங்கி நின்றன. சில இழைகள் விழவே இல்லை. எண்ணிப் பார்த்தேன்: 40 இழை போட்டார், திரையில் 23 இருந்தன.

விடுபட்ட இடத்தில் அவர் திரும்ப, கூடுதலாக அழுத்திப் போட்டார். இப்போது கோடு சட்டென்று தடித்து வந்தது. அழித்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மூன்று வாரத்தில் ஐந்து படம்தான் முடிந்தது. அட்டையில் அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு படம் சாதாரணம்.

மூன்றாம் வாரம் வலது கட்டைவிரலின் அடியில் வலி வந்தது. அதை எங்களிடம் சொல்லவில்லை. தேநீர் டம்ளரை இடது கையால் எடுப்பதைப் பார்த்து இளம் ஓவியர் கேட்டபோதுதான் தெரிந்தது. அன்று மாலை என்னிடம், "கை போயிருச்சுப்பா. புள்ளைங்க இதுலயே நல்லாப் போடுதுங்க, கோளாறு என்கிட்டதான்" என்றார். பழைய முறைக்கே போய்விடலாம், இந்த நூலை வேறு யாராவது செய்யட்டும் என்றும் சொன்னார்.

கூடத்தில் மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தோம். அதே கருவியில், அதே பேனாவில் இளம் ஓவியர் பிற்பகலில் அழகாக வரைகிறார். கருவி சரி என்றால் கையில்தான் குறை. இந்தக் கணக்கு எங்களுக்கு இயல்பாகத் தோன்றியது. அதுதான் எங்களை இரண்டு வாரம் தவறான வழியில் நடத்தியது.

முதலில் செய்தவையும் அவற்றால் வந்த கேடும்

வயதால் கை நடுங்குகிறது என்று வைத்துக்கொண்டு, கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரைக் கூட்டினேன். கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வந்தது. கை நின்ற பிறகும் கோடு வந்துகொண்டிருந்தால், கோட்டின் வால் எங்கே முடிய வேண்டும் என்பதைக் கையால் தீர்மானிக்க முடியாது. அவர் கலையே அந்த வாலில்தான் இருக்கிறது. அவருடைய கோட்டில் நடுக்கம் துளியும் இல்லை என்பதை அட்டைகளை எடுத்துப் பார்த்திருந்தாலே கண்டிருப்பேன். பார்க்கவில்லை.

அடுத்ததாக, பிரஷின் குறைந்தபட்சத் தடிமனை ஏற்றினேன். விடுபட்ட இழைகள் அதனால் திரும்பவில்லை; விழுந்த இழைகள்தான் எல்லாம் ஒரே பருமனாயின.

மூன்றாவதாக, கிரிட்டாவில் பிரஷர் வளைவை மென்மையாக்கினேன். கை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு பருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த வளைவுதான். இதில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் கோடு படிப்படியாகப் பருக்காமல், மெல்லிசிலிருந்து தடிமனுக்குத் தாவியது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

காந்த மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சார்ஜரைப் பிடுங்கி வைத்துப் பார்த்தேன். இந்த வகைப் பேனாக்களுக்கு இரண்டும் தொல்லை தரக்கூடியவை என்பதால் பார்க்க வேண்டியதுதான். இங்கே மாற்றம் எதுவும் இல்லை.

தராசில் வைத்துப் பார்த்தது

திருப்பம் இளம் ஓவியரிடமிருந்து வந்தது. சார் வரைந்து முடித்த அட்டை ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணா, சார் வரைஞ்சா பின்னாடி தடமே இல்ல. நான் எழுதுனா நாலு தாள் தள்ளித் தெரியும்" என்றார். அவர் பள்ளி முழுக்க பால்பாயின்ட் பேனாவில் அழுத்தி எழுதி வளர்ந்தவர்.

வீட்டிலிருந்து 5 கிலோ சமையல் தராசு ஒன்றைக் கொண்டுவந்தேன். 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. முதலில் அட்டையை அதன் மேல் வைத்து, எண்ணைச் சுழியாக்கி, சாரைப் பிரஷால் மெதுவாகக் கோடு போடச் சொன்னேன். எண் நிலைப்பதற்குச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் இது தோராய அளவுதான். மயிரிழைக்கு 1, 2 கிராம். சில நேரம் தராசு அசையவே இல்லை. அவர் போடும் மிகத் தடித்த கோட்டுக்கு 40 கிராம். 30 ஆண்டு உழைப்பின் முழு வீச்சும் அந்த 40 கிராமுக்குள் அடங்கியிருந்தது.

பிறகு டேப்லெட்டையே தராசின் மேல் வைத்துச் சுழியாக்கினேன். பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, மெல்ல மெல்ல அழுத்தி, திரையில் முதல் புள்ளி எப்போது விழுகிறது என்று பார்த்தோம். 16 கிராம். கிரிட்டாவின் டேப்லெட் அமைப்புகளில் ஒரு சோதனைப் பலகை இருக்கிறது. அழுத்தம் எத்தனை சதவீதம் என்று அது காட்டும். அது 100ஐத் தொட்டபோது தராசில் ஏறக்குறைய 400 கிராம்.

4096 நிலைகள் 16 கிராமிலிருந்து 400 கிராம்வரை சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிராமுக்கு 10க்கும் சற்று அதிகமான நிலைகள் வரும். சாருக்குத் தெரிந்த உலகம் 40 கிராமோடு முடிகிறது. அதில் முதல் 16 கிராம் கருவிக்கே எட்டவில்லை. மீதி 24 கிராமில் அவருக்குக் கிடைத்தவை 256 நிலைகள். மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு. 20 பிக்சல் பிரஷை எடுத்துக்கொண்டு, அட்டையில் தடித்த கோடு போடும் அதே விசையோடு அவர் அழுத்தினால் திரையில் விழுவது ஒன்றேகால் பிக்சல். தடிமன் வேண்டுமென்றால் பழகியதைப் போலப் பத்து மடங்கு அழுத்த வேண்டும். கட்டைவிரல் அதைத்தான் மூன்று வாரமாகச் செய்தது.

இந்த எண்ணைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தராசின் மேல் அட்டையை வைத்து, தானாகவே இன்னொரு முறை இழை போட்டுப் பார்த்தார்.

பேனா எப்படி வேலை செய்கிறது

இங்கே ஒரு விளக்கம் தேவை. பேட்டரி இல்லாத இந்தப் பேனாக்களுக்குள் ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கும். திரைக்கு அடியில் இருக்கும் கம்பிச் சட்டம் காந்தப்புலத்தை அனுப்பும். அந்த ஆற்றலிலேயே பேனாவின் சுற்று அதிர்ந்து பதில் அனுப்பும். முனை உள்ளே அழுந்தும்போது சுற்றின் அதிர்வெண் சிறிது நகரும். அந்த நகர்வைத்தான் கருவி அழுத்தம் என்று படிக்கிறது. ஆக, முனை உண்மையிலேயே உள்ளே நகர வேண்டும். எந்த உரசலாவது நகர்வைத் தடுத்தால் முதல் சில கிராம்கள் அங்கேயே தொலைந்துபோகும்.

வாங்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் நிலைகளின் எண்ணிக்கைதான். 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட்டில் 256 நிலை, மறு ஆண்டு நோட் 2இல் 1024, பிறகு 4096. வரைபலகைகள் தயாரிக்கும் வாக்கம் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த இன்டுவோஸ் புரோவில் 8192. 2015இல் பென்சிலைக் கொண்டுவந்த ஆப்பிள் அப்படி ஓர் எண்ணை அறிவிப்பதே இல்லை. கோடு எத்தனை கிராமில் தொடங்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் விளம்பரங்கள் குறைவு. 2009இல் இன்டுவோஸ் 4 வந்தபோது, 1 கிராமில் பேனா உணரத் தொடங்கும் என்று வாக்கம் சொன்னது. மெல்லிய கை உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டிய எண் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்று இடங்களில் திருத்தம்

முனையைக் கிடுக்கியால் இழுத்து எடுத்தோம். ஒரு பக்கம் உளி போலச் சாய்வாகத் தேய்ந்திருந்தது. திரையில் காகித உணர்வுக்காகச் சொரசொரப்பான படலம் ஒட்டியிருந்தோம். அதில் தேய்ந்த பொடி முனையின் தண்டோடு சேர்ந்து குழிக்குள் போய்ச் சாம்பல் நிற வளையமாகப் படிந்திருந்தது. குழியை ஊதித் துடைத்து, புது முனை போட்டு அளந்தோம். 16 கிராம் 11 ஆனது. இரண்டு ஆண்டுகளில் முனையை ஒரே ஒரு முறை மாற்றியிருந்தோம். இளம் ஓவியருக்குத் தேய்ந்த முனை இடையூறாகத் தெரியவில்லை. அவர் கை எப்படியும் 100 கிராமுக்கு மேல்தான் வேலை செய்கிறது.

அடுத்து டிரைவர், அதாவது பேனா சொல்வதைக் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள். அதற்குள் போய்ப் பார்த்தபோது, முனை உணர்வு என்ற இடத்தில் நகர்த்தும் அம்பு 'கெட்டி' என்ற பக்கத்தின் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இளம் ஓவியருக்காக நானே தள்ளி வைத்தது, மறந்தே போயிருந்தேன். நான் கிரிட்டாவில் மென்மையாக்கிய வளைவு ஏன் தாவியது என்பதற்கும் விடை இதுதான். டிரைவர் ஒரு முறை அழுத்தத்தை நசுக்கிக் கொடுக்கிறது. நசுங்கியதைக் கிரிட்டா திரும்ப இழுத்து விரிக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிலைகள் காணாமல் போகின்றன. டிரைவரை நடுவில் வைத்துவிட்டு, இனிமேல் மாற்றுவதென்றால் கிரிட்டாவில் மட்டும் என்று முடிவு செய்தோம். தொடக்கம் 6 கிராமுக்கு இறங்கியது.

கடைசியாக வளைவு. என் ஆசைப்படி 40 கிராமிலேயே முழு அழுத்தம் வரும்படி வைத்தேன். அட்டையும் டேப்லெட்டும் ஒன்றாகிவிடும் என்று எண்ணினேன். கோடு மணி கோத்தது போல முண்டும் முடிச்சுமாக வந்தது. அவ்வளவு குறுகிய வீச்சை முழு அளவுக்கு இழுத்தால், உணரியின் சின்னச் சின்னத் தடுமாற்றமும் சேர்ந்து பெரிதாகிறது. 80, 100, 120 என்று ஏற்றிப் பார்த்தோம். 120 கிராமில் முழு அழுத்தம் என்று வைத்தபோது கோடு தெளிந்தது. அதாவது வளைவில் 30 சதவீத அழுத்தத்திலேயே உச்சத்தைத் தொடும்படி ஒரு புள்ளி. நிலைகள் சுமார் 1200 கிடைத்தன. அவர் கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த வளைவை அவர் பெயரில் தனியாகச் சேமித்தோம்.

மிச்சமிருந்த 6 கிராமை எந்த வளைவாலும் குறைக்க முடியாது. பேனா அனுப்பாத செய்தியை மென்பொருள் உண்டாக்க முடியாது. இதற்குச் சார்தான் வழி கண்டார். சைக்கிள் வால்வ் டியூபை வெட்டி, பேனாவின் பிடியில் மூன்று அடுக்காக ஏற்றினார். பிரஷ் பிடிக்கு அவர் எப்போதும் செய்வது. பேனா கொஞ்சம் கனத்தது, முனை தன் கனத்தாலேயே சற்று அழுந்தியது. பிடி பருத்ததால் விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

கை வலி

இந்தத் திருத்தங்கள் நடந்தபோது அவர் டேப்லெட்டில் வேலை செய்யவில்லை. வலி தெரிந்த மறுநாளே இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரண்டு வாரம் பேனாவைத் தொடக் கூடாது என்றார். பிரஷ் பிடிக்க வலி இல்லை என்பதால் தினம் சிறிது நேரம் அட்டையில் வரைந்தார். பதிப்பாளரிடம் உண்மையைச் சொல்லி மூன்று வாரத் தவணை கேட்டோம், கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் அவர் வலியோடு வரைந்து முடித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தலைமுறை ஓவியர்கள் தவணை தவறியதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது.

பிறகு நடந்தது

திரும்ப வந்த முதல் நாள், அதே பாட்டி, அதே கொண்டை. 40 இழைக்கு 34 விழுந்தன. விடுபட்ட ஆறும் மெல்லிய நுனியில் இருந்து தொடங்கும் இழைகள். அதைக் கவனித்துவிட்டு, கொண்டையின் பக்கமிருந்து தொடங்கி நெற்றியில் முடியும்படி கையின் திசையை அவரே மாற்றிக்கொண்டார். கோடு தடிமனில் தொடங்கி மெலிந்தால் கருவி நன்றாகவே பின்தொடர்கிறது. ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்குவதுதான் அதற்குக் கடினம்.

முதல் வாரம் நாளைக்கு ஒரு படம், மாதக் கடைசியில் ஒன்றரை. நூல் முடிந்தது. பதிப்பாளர் எதிர்பார்த்ததை விட அதிகமாகவே திருத்தம் கேட்டார். லேயர் இருந்ததால் அவை ஒரு பிற்பகலில் ஒரு பக்கம் என்ற கணக்கில் நடந்தன. வலி திரும்பவில்லை. மை பாதி உலர்ந்த பிரஷால் இழுக்கும் சொரசொரப்பான தீற்றலை மட்டும் அவர் டேப்லெட்டில் செய்வதில்லை. அட்டையில் போட்டுத் தருகிறார். ஸ்கேன் செய்து லேயராக ஏற்றுகிறோம். அதை மாற்றச் சொல்லும் எண்ணம் எங்களுக்கும் இல்லை.

நடுவில் ஒரு திங்கட்கிழமை பழைய தொல்லை அப்படியே திரும்பியது. இம்முறை அவர் தன் கையைக் குறை சொல்லவில்லை. "தம்பி, தராசைக் கொண்டா" என்றார். வார இறுதியில் ஓடிய ஒரு புதுப்பிப்பு, டிரைவர் அமைப்பைக் கலைத்திருந்தது. பத்து நிமிடத்தில் சரியானது.

இளம் ஓவியரும் தன்னை அளந்துகொண்டார். சாதாரணக் கோட்டுக்கே 150, தடித்த கோட்டுக்கு 300 கிராமுக்கு மேல். 24 வயதில் வலி இல்லை. ஆனாலும் தன் வளைவையும் கொஞ்சம் மென்மையாக்கி, மாதத்துக்குச் சிறிது சிறிதாகக் கையை இளக்கி வருகிறார்.

இன்றைக்குத் தொடங்கினால்

கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஓவியர் காகிதத்தில் எவ்வளவு அழுத்துகிறார் என்று தராசில் பார்த்துவிடுவோம். ஐந்து நிமிட வேலை அது. ஒருவர் அமைத்த கருவியை அப்படியே இன்னொருவருக்குத் தர மாட்டோம். இப்போது டேப்லெட்டின் பின்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: யாருக்கு எந்த வளைவு, டிரைவர் எங்கே, கடைசியாக முனை மாற்றிய தேதி, அன்று அளந்த கிராம். ஸ்டெபிலைசரைத் தொடுவதற்கு முன் அவர் அட்டையில் போட்ட கோட்டை எடுத்துப் பார்ப்பேன். வலி பற்றி, கவனித்துத் தெரிந்துகொள்வோம் என்று விடாமல், முதல் மாதம் தினமும் கேட்போம்.

கருவித் தேர்வில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. போன மாதம் நண்பர் ஒருவரின் வேறு தயாரிப்பு டேப்லெட்டை ஒரு நாள் இரவல் வாங்கி அளந்தோம். 2 கிராமிலேயே கோடு தொடங்கியது. சார் நெற்றியிலிருந்து கொண்டைக்கு, தன் பழைய திசையிலேயே, 40 இழை போட்டார். 40ம் விழுந்தன. அதன் விலை இப்போது எங்களால் முடியாதது. அடுத்த நூலின் முன்பணம் வந்ததும் வாங்குவது என்று கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்.